ஆர்.டி.ஓ.வில் வாங்கிய பர்மிட் வியட்நாமில் செல்லாது

வியட்நாமில் வாடகை பைக்கில் போய் விழுந்த கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு 38 லட்சம் டோங். பைக் கடைக்காரருக்கு 62 லட்சம். விழுந்த பைக்கையும் என்னையும் ஏற்றிவந்த பிக்கப் வண்டிக்கு 12 லட்சம். முன்பணம் கட்டிவிட்டுப் போக முடியாமல் விட்ட இடங்களுக்கு 24 லட்சம். ஆக மொத்தம் 1 கோடியே 36 லட்சம். கேட்டால் வீடு வாங்கிய கணக்குபோல இருக்கும். நான் போயிருந்தபோது 300 டோங் ஒரு ரூபாய்க்கு வந்தது, அப்படிப் பார்த்தால் 45,000 ரூபாய்க்குச் சற்று மேல். 18 நாள் பயணத்தில் 6 நாள் வடக்கே மலையடிவாரத்து ஹா ஜியாங் ஊரில் ஒரு லாட்ஜ் அறையில் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தேன். இதில் பாதிக்கு மேல் மலையால் வந்ததல்ல. பர்ஸில் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத்தை நம்பியதால் வந்தது.

அந்தக் காகிதம் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கியது, ஒரு வருடம் செல்லும். 'இன்டர்நேஷனல்' என்று போட்டிருக்கிறதே, உலகம் முழுக்க ஓட்டலாம் என்றுதான் நானும் நினைத்தேன். விஷயம் அப்படியில்லை. இந்தப் பர்மிட்டில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுப்பது, இன்னொன்று 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி கொடுப்பது. இந்தியா கொடுப்பது 1949 வகை. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 வகையை மட்டும். நம் பர்மிட்டின் அட்டையிலேயே எந்த உடன்படிக்கை என்று அச்சிட்டிருக்கும். நான் அதைப் படித்தது ஆஸ்பத்திரிப் படுக்கையில்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அநியாயமும் இல்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா கொடுப்பதும் 1949 வகைதான், அவர்களும் அங்கே செல்லாத பர்மிட்டோடுதான் சுற்றுகிறார்கள். பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ பிரான்சிலோ குடியிருந்து அந்த நாட்டு லைசன்ஸ் வைத்திருக்கும் தமிழர்கள் 1968 வகையை வாங்க முடியும். அவர்களும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பர்மிட்டில் ‘ஏ’ பிரிவுக்கு, அதாவது மோட்டார் சைக்கிளுக்கு, முத்திரை குத்தியிருக்கிறதா? கார் ஓட்டும் ‘பி’ பிரிவு மட்டும் இருந்தால் பைக்குக்கு அது வெறும் தாள். சொந்த ஊர் லைசன்ஸ் அட்டையும் கூடவே கையில் இருக்க வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். விசா பெரிய பாடு இல்லை, ஆனால் தமிழர்களுக்கென்றே அதில் ஒரு தலைவலி இருக்கிறது. வியட்நாம் இ-விசா 90 நாள் வரை கிடைக்கும், ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். கட்டிய பணம் திரும்ப வராது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். விசாவில் பெயர் வேறு மாதிரி வந்துவிட்டால் நம்மூர் விமான நிலையத்திலேயே போர்டிங் பாஸ் கொடுக்க மறுக்கலாம். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்துக்கு அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். இனிஷியலை நீங்களாக விரிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். விசா தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய் இறங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள். நள்ளிரவு விமானம் பிடிப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுவது. அரசுத் தளம்போலவே வேடம் போட்டு இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய. முகவரி gov.vn என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஹனோயில் இரண்டு நாள். அங்கே ஜாக்கிரதை பணத்தில்தான். 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் இரண்டுமே நீலம், இரண்டுமே பிளாஸ்டிக், இரண்டிலும் ஹோ சி மின் படம். இருட்டில் டாக்சிக்குள் உட்கார்ந்து எடுத்தால் 66 ரூபாய் கொடுக்க வேண்டிய இடத்தில் 1,600 ரூபாய்க்கு மேல் கொடுத்துவிடுவீர்கள். 5 லட்சம் தாள்களைத் தனி உறையில் போட்டு பையின் அடியில் வைத்துவிடுவதுதான் வழி. ஏ.டி.எம். திரையில் 'உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். வேண்டும் என்றால் அந்த எந்திரத்து வங்கி தன் இஷ்டத்துக்கு ஒரு மாற்று விகிதம் போட்டுக்கொள்ளும். சிம் கார்டு மலைக்குப் போகிறவர்கள் வியட்டெல் வாங்குவது நல்லது, மேலே மற்றவை படுத்துவிடும் இடங்களிலும் அது எடுத்தது.

ஹனோயிலிருந்து ஹா ஜியாங் 300 கிலோமீட்டர். (அவர்கள் வாயில் அது 'ஹா ஸாங்' என்று வரும். நம் உச்சரிப்பில் கேட்டால் யாருக்கும் புரியாது.) ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். கால் நீட்டும் இடம் அவர்கள் உயரத்துக்குச் செய்தது, ஆறடி ஆட்கள் மடங்கித்தான் படுக்க வேண்டும். பெரிய சிக்கல் அதுவல்ல. ராத்திரி வண்டி விடியற்காலை மூன்றரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். தூக்கம் கெட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு, மொழி தெரியாமல் நிற்கும் அந்த நேரத்தில் பைக் வாடகைக் கடை ஆள் சுடச்சுட டீயோடு வந்து, படுத்துத் தூங்கக் கட்டிலும் கொடுத்து, ஏழு மணிக்கு எழுப்பி ஒரு தாளை நீட்டுவார். டீ கொடுத்தவரிடம் கறாராகப் பேச நாக்கு வராது. நான் ஒரு வரியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கேட்டார், அதையும் கொடுத்தேன்.

இரண்டுமே முட்டாள்தனம். அந்த ஊரில் முதல் நாள் பைக் எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரு நாள் தங்கித் தூங்கி, மறுநாள் பகலில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்காமல் நகலும் 30 முதல் 50 லட்சம் டோங் ரொக்கமும் டெபாசிட்டாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளும் கடை இருக்கிறது. ஒப்பந்தத்தில் உதிரிபாக விலைப்பட்டியல் இருக்கிறதா என்று கேளுங்கள்: கண்ணாடி, பிரேக் லீவர், கால் மிதி, இண்டிகேட்டர், பக்கவாட்டு பிளாஸ்டிக், ஹெட்லைட் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை எழுதியிருக்க வேண்டும். 'சேதத்தைக் கடை மதிப்பிடும்' என்ற ஒற்றை வரி இருந்தால் அந்தக் கடை வேண்டாம். கூடுதலாக ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு லட்சம் டோங் கட்டினால் 'இன்ஷூரன்ஸ்' என்பார்கள். அதன் பின்னால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் இல்லை. இவ்வளவு வரை சேதத்துக்குப் பணம் கேட்க மாட்டேன் என்று கடைக்காரர் தரும் வாக்கு, அவ்வளவுதான். உங்கள் உடம்புக்கு அதில் ஒரு டோங்கும் கிடையாது.

வண்டியைச் சோதிப்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் செல்போனில் ஒரே வீடியோவாக, சுற்றி வந்து, ஒவ்வொரு கீறலுக்கும் கிட்டப் போய் எடுங்கள். பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம், சைலன்சரின் அடிப்பக்கம், லீவர் முனைகள், மூன்றும் விட்டுப்போகும், பிறகு அவற்றைத்தான் காட்டிக் கேட்பார்கள். டயர் பள்ளத்தில் விரல் நகம் பதிய வேண்டும். முன் பிரேக்கை இறுக்கப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள், ஹேண்டிலில் 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் வேறு வண்டி கேளுங்கள். செயினை நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி இறங்கலாம், அதற்கு மேல் தொங்கக் கூடாது. ஹாரன் கட்டாயம், அந்த மலையில் வளைவுக்கு வளைவு அதுதான் வேலை செய்கிறது. வண்டியின் பதிவு அட்டை கையில் இருக்க வேண்டும். ஹெல்மெட் பெரும்பாலும் மண்டையை மட்டும் மூடும் தொப்பி மாதிரி கொடுப்பார்கள், முகம் மூடுவதைக் கேட்டு வாங்குங்கள், முட்டிக் கவசமும் சேர்த்து.

கிளம்பும்போது கடைக்காரரிடம் பர்மிட்டைக் காட்டி 'இது போதுமா' என்று கேட்டேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, 'நோ ப்ராப்ளம்' என்றார். அவருக்கு ப்ராப்ளம் இல்லைதான். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து வியட்நாமில் அபராதங்கள் கடுமையாக ஏறிவிட்டன. செல்லும் லைசன்ஸ் இல்லாமல் 125 சி.சி. வரையிலான வண்டி ஓட்டினால் 20 முதல் 40 லட்சம் டோங், அதற்கு மேற்பட்ட சி.சி. என்றால் 60 முதல் 80 லட்சம். சிக்னல் மீறினால் 40 முதல் 60 லட்சம். குடித்திருந்தால் எவ்வளவு குறைவாக இருந்தாலும் குற்றம், முந்தைய நாள் இரவு விருந்தில் கொடுத்த சோள மது காலையிலும் கருவியில் காட்டும். வண்டியையும் பிடித்து வைக்கலாம், அது நிற்கும் நாள் வாடகையும் உங்கள் தலையில். மலையேறும் வழியில் வரும் குவான் பா பக்கம் போலீஸ் நின்று வெளிநாட்டவரை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். 'விடியற்காலை ஆறுக்கே கிளம்பிவிடுங்கள், அவர்கள் அப்போது வர மாட்டார்கள்' என்று கடையில் யோசனை சொல்கிறார்களே, அந்த யோசனையிலேயே எல்லாம் இருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை. என்னை யாரும் நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் பத்தாயிரம் ரூபாயோடு போயிருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹா ஜியாங்கில் தொடங்கி குவான் பா, யென் மின், டோங் வான், மேயோ வாக், டூ ஜியா வழியாகத் திரும்பி வந்தால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மூன்று நாளில் முடிக்கலாம், நான்கு நாள் என்றால் நிம்மதி. டோங் வான் சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம் 2010இல் யுனெஸ்கோ புவிப்பூங்கா ஆனது. ஹா ஜியாங்கிலிருந்து மேயோ வாக் வரை போகும் 185 கிலோமீட்டர் மலைச் சாலையை 1959 முதல் 1965 வரை பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே வெட்டினார்கள். டோங் வானுக்கும் மேயோ வாக்குக்கும் நடுவில் உள்ள மா பி லெங் கணவாயில் பாறையை உடைக்க ஆட்கள் கயிற்றில் தொங்கி வேலை செய்தார்கள். கீழே நோ கூவே ஆறு பச்சையாக ஓடும். நான் அதைப் பார்க்கவில்லை, அதற்கு ஒரு நாள் முன்னால் விழுந்துவிட்டேன். போகிறவர்களுக்குக் காலக் கணக்கு: அக்டோபர், நவம்பர் நல்ல வானிலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, மண் சரிவு. டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, கை விறைக்கும் குளிர்.

இனி ஓட்டும் முறை. வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 110 சி.சி. செமி ஆட்டோமேட்டிக். கிளட்ச் லீவர் கிடையாது. முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் இறங்கும், மிதியை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விலகிவிடும். இறக்கத்தில் இரண்டாம் கியருக்குக் கொண்டுவந்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கியரை இறக்கி மிதியைப் படக்கென்று விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மிதியை விடும் அதே நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் சுமுகமாகப் போய்ச் சேரும். இதை ஊருக்குள் சமதளத்தில் ஒரு மணி நேரம் பழகிவிட்டு மலையேறுங்கள். முழு ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர் சுலபம் என்று எடுப்பவர்கள் இறக்கத்தில்தான் மாட்டுவார்கள். வேகம் குறைந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிட்டால் அதன் கிளட்ச் கழன்றுகொள்ளும், வண்டி நியூட்ரலில் உருளுவதுபோல் உருளும், எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும். பத்து கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக் சூடேறி, லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. தீய்ந்த வாடை வந்தாலே ஓரம் கட்டிக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள்.

இன்னொன்று, அங்கே சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பழகிவிட்டது என்று தோன்றும். மூளைக்குப் பழகும், கைக்குப் பழகாது. திடீரென்று பயம் வரும் நொடியில் கை தானாக இடது ஓரத்துக்கு இழுக்கும். அங்கே அது எதிரே வருகிறவனின் ஓரம். எனக்கு அப்படித்தான் நடந்தது. யென் மின் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது எதிரே ஒரு லாரி முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. நம்மூர்போலவே லைட்டைச் சிமிட்டினார், 'நீ வா' என்றல்ல, 'நான் வருகிறேன்' என்று. நான் இடப்பக்கம் ஒடித்தேன், உடனே சுதாரித்து வலப்பக்கம் திருப்பி, வளைவிலேயே முன் பிரேக்கைப் பிடித்தேன். கான்கிரீட்டின் மேல் மழைச் சேறு மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. முன்சக்கரம் போய்விட்டது. வேகம் இருபதுதான் இருக்கும். இருபதுக்கே முழங்கை கிழிந்து எலும்பு தெரிந்தது. வளைவுக்குள் நுழையும் முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடக் கூடாது, சேறு அல்லது ஜல்லி இருந்தால் பின் பிரேக் மட்டும். இது எனக்குத் தெரியாததல்ல, பத்து வருடமாக பைக் ஓட்டுகிறேன். பயந்த கைக்கு அதெல்லாம் தெரியவில்லை.

சில்லறை விஷயங்கள் சில இங்கேயே. பெட்ரோலுக்கு 'ஸாங்' என்றால் புரியும். டேங்க் நான்கு லிட்டருக்குள்தான், பாதி குறைந்தாலே அடுத்த ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். பங்க்ச்சர், ரிப்பேர் கடை 'சுவா ஸெ'. வண்டி கழுவும் இடம் 'ரூவா ஸெ', எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும், பங்க்ச்சரோடு கழுவுமிடத்தில் போய் நிற்காதீர்கள். மழைக் கோட்டு போன்சோ மாதிரி தொங்கினால் வால் செயினில் மாட்டும், முன்னும் பின்னும் செருகி உட்காருங்கள். பெரிய பையை ஊரில் விட்டுவிட்டு ஐந்து கிலோவோடு ஏறினால் போதும். ஊர் எல்லையில் கட்டட உருவங்கள் வரைந்த நீலப் பலகை வந்தால் அதிலிருந்து நடுத்தடுப்பு இல்லாத சாலையில் வேகம் 50க்குள். எக்ஸ்பிரஸ் சாலைகளில் பைக்குக்கு அனுமதியே கிடையாது, மேப்பில் அதைத் தவிர்க்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நான் பாதிதான் செய்தேன். சாலை நடுவிலிருந்து விலகி உட்காருங்கள். வண்டி கிடக்கும் நிலையிலேயே, தூக்குவதற்கு முன், நான்கைந்து படம் எடுங்கள், டயர் தடமும் சேறும் தெரியும்படி. ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113. மலையில் ஆம்புலன்ஸை விட அவ்வழியே வரும் வண்டி சீக்கிரம் வரும். எனக்கு உதவியது ஒரு சோளக்காட்டுக்காரக் குடும்பம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் சொம்புத் தண்ணீரால் காயத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் சரியான முதலுதவி என்று பிறகு டாக்டர் சொன்னார், மண் போகும் வரை நிறையத் தண்ணீர். மருந்துக் கடையில் நம் பீட்டாடைனுக்கு அங்கே போவிடின் என்று பெயர். யென் மின் ஆஸ்பத்திரியில் ஏழு தையல், டெட்டனஸ் ஊசி. மணிக்கட்டு வீக்கத்துக்கு ஹா ஜியாங் போய் எக்ஸ்ரே, நல்லவேளை எலும்பு முறியவில்லை. எல்லா இடத்திலும் ரொக்கம் கேட்பார்கள். ஒவ்வொரு தாளுக்கும் 'ஹோவா டோன்', அதாவது பில், கேட்டு வாங்குங்கள். சிகிச்சை விவரத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டால் பயணக் காப்பீட்டுக் கிளெய்முக்கு உதவாது. ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் அன்று ராத்திரி வீடியோ போட முடியாது, சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

மறுநாள் பைக் கடை. 90 லட்சம் டோங் என்றார். டீ கொடுத்த அதே ஆள், அதே சிரிப்பு. பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில். தனியாக இருக்கிறோம், ஒரு கை வேலை செய்யவில்லை, எதிரே நாலு பேர், அந்த இடத்தில் நியாயம் பேசுவது சிரமம். 'போலீஸில் போய்ச் சொல்கிறேன்' என்று சொல்லலாம் என்று வாயெடுத்தபோதுதான் புரிந்தது, என்னால் சொல்ல முடியாது. செல்லாத பர்மிட்டோடு ஓட்டியவன் நான். அது அவருக்கும் தெரியும். என்னால் முடிந்தது ஒன்றுதான்: ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, லாட்ஜ் பெண்ணின் உதவியோடு வேறொரு ரிப்பேர் கடையில் விலை எழுதி வாங்கினேன். அங்கே உதிரிபாகமும் கூலியும் சேர்த்து 35 லட்சத்துக்குள் வந்தது. அதைக் காட்டிப் பேசிப் பேசி 62 லட்சத்தில் நின்றார். பணத்தை எண்ணி வைத்த பிறகுதான் பாஸ்போர்ட் வெளியே வந்தது. பாஸ்போர்ட் என்னிடம் இருந்திருந்தால் 40 லட்சத்தைத் தாண்டியிருக்க மாட்டேன்.

சரி, லைசன்ஸ் செல்லாதவர்கள் அந்த மலையைப் பார்க்கவே முடியாதா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். உள்ளூர் ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து போவதை 'ஈஸி ரைடர்' என்பார்கள். மூன்று நாளைக்குச் சாப்பாடு, தங்குமிடம் சேர்த்து நான் விசாரித்தபோது 40 லட்சம் டோங்குக்கு மேல், ஏறக்குறைய 14,000 ரூபாய். 'பின்சீட்டில் உட்கார்ந்து போவதற்கா வந்தோம்' என்று அன்றைக்கு ரோஷம் வந்தது. பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் பள்ளத்தாக்கைப் பார்க்க நேரம் இருக்கும், ஓட்டுகிறவருக்குத் தெரிவது பத்தடி சாலை. 50 சி.சி.க்குக் குறைந்த வண்டிக்கு அங்கே லைசன்ஸ் தேவையில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு சமதள ஊரான ஹோய் ஆனின் வயல்வெளியில் சுற்றலாம், மா பி லெங் ஏற முடியாது. வேன், ஜீப்பிலும் அந்தச் சுற்றைப் போகலாம்.

தெற்கே இறங்கியது ரயிலில். ஹனோய் முதல் சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ஒரே இருப்புப்பாதை. ஹனோயிலிருந்து ஹ்யூவே ஓர் இரவு. நான்கு படுக்கை கொண்ட பெட்டியில் கீழ்ப் படுக்கை எடுங்கள், கை அடிபட்டவன் மேலே ஏறும் கூத்தை நான் பார்த்துவிட்டேன். ஹ்யூவேயிலிருந்து டா நாங் போகும்போது இடப்பக்க ஜன்னல், ஹாய் வான் மலையைச் சுற்றி ரயில் கடலோரமாகவே வளைந்து போகும். அங்கே பைக்கில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 2005இல் திறந்த 6 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்குள் இருசக்கர வண்டியை ஓட்டவிட மாட்டார்கள், பழைய கணவாய்ச் சாலை 21 கிலோமீட்டர். ஹோய் ஆனுக்கு ரயில் இல்லை, டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர். அக்டோபர், நவம்பரில் அந்த ஊர்த் தெருவில் படகு ஓடும் அளவுக்கு வெள்ளம் வரும், வடக்கே நல்ல வானிலை என்று கிளம்பி நடுவில் நனைபவர்கள் பலர்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். 'தோய் அன் சாய்' என்றால் நான் சைவம் என்று பொருள். 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அவர்களில் பலர் விரதம் இருப்பதால் அந்த நாட்களில் சாதாரணக் கடைகளிலும் சைவம் கிடைக்கும். மற்ற கடைகளில் 'வெறும் காய்' என்று கேட்டாலும் மீன் சாறான நுவோக் மாம் விழுந்துவிடும், அதை வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

சைகோனில் நான்கு நாள். அங்கே பயம் போனைப் பற்றித்தான். நடைபாதை ஓரம் நின்று மேப் பார்த்தால் பைக்கில் வருகிறவன் பறித்துக்கொண்டு போவான். சாலைக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பாருங்கள். பென் தான் சந்தையிலிருந்து கிளம்பும் முதல் மெட்ரோ 2024 டிசம்பரில்தான் திறந்தது, சுத்தமாக, காலியாக இருந்தது. துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் தோன் தாத் தியேப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொடுக்கல் வாங்கலுக்குக் கப்பலேறி வந்தவர்கள். ட்ரூவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர், சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தங்கள் குறையைச் சொல்கிறார்கள். தையல் பிரித்த அன்று போனேன். சுவர்ப் பக்கம் போய் நானும் நின்றேன், என்ன வேண்டுவது என்று தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து கிளெய்ம் போட்டேன். எல்லா பில்லும், டாக்டர் தாளும், படங்களும் அனுப்பினேன். பாலிசி எடுக்கும்போது நான் படிக்காத பக்கத்தில் மூன்று வரி இருந்தது: விபத்து நடந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசன்ஸ் இருந்திருக்க வேண்டும், ஹெல்மெட் அணிந்திருக்க வேண்டும், மது அருந்தியிருக்கக் கூடாது. சில பாலிசிகளில் வண்டியின் சி.சி.க்கும் வரம்பு உண்டு, சிலவற்றில் இருசக்கர வண்டி ஓட்டுவதே விலக்கு, பின்சீட்டில் இருந்தால் மட்டும் உண்டு. வாங்குவதற்கு முன்பே மின்னஞ்சலில் 'இந்த நாட்டில், இந்த சி.சி. வண்டியை, இந்த லைசன்ஸோடு ஓட்டினால் மருத்துவச் செலவு கிடைக்குமா' என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். போனில் விற்பவர் சொல்லும் 'எல்லாம் கவர் ஆகும் சார்' பதில் ஆகாது. எனக்கு மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. மறுப்பு என்றுகூட எழுதவில்லை. கோப்பை மேற்கொண்டு பரிசீலிக்க ஒரே ஓர் ஆவணம் பாக்கியிருப்பதாகவும், வியட்நாமில் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமத்தின் நகலை 15 நாளுக்குள் அனுப்பும்படியும் கேட்டிருந்தார்கள்.